கூடவே 22 பேர்

ஒரு கல்லில் இருந்து ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ட்ராய் என்று ஒரு சின்ன ஊர். அதை ஒட்டிய காட்டுக்குள் லாங் கேன் என்கிற ஓடை. ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல் நிற்கிறது. அதில் செதுக்கியிருக்கும் சேதி இதுதான்: 76 வயதான கேதரின் கல்ஹூன் என்கிற அம்மாள், கூடவே 22 பேர், 1760 பிப்ரவரி 1-ம் தேதி இந்த இடத்தில் செவ்விந்தியர்களால் கொல்லப்பட்டார்கள். கல்லை நட்டவர் பேட்ரிக் கல்ஹூன். அந்த அம்மாளின் மகன்.

ஒரு பெயர், ஒரு வயது, ஒரு தேதி. வம்சாவளி தேடுகிற அமெரிக்கர்களுக்கு இது புதையல். இந்த ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு பின்னாலும் போகலாம், முன்னாலும் வரலாம். முதலில் பின்னால் போவோம்.

கேதரின் அமெரிக்காவில் பிறந்தவர் இல்லை. அயர்லாந்தின் டொனகால் பகுதியில் இருந்து 1733-ல் கணவனோடும் பிள்ளைகளோடும் கப்பல் ஏறி வந்தவர். ஆனால் ஐரிஷ்காரர் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்காட்ச்-ஐரிஷ். (ஸ்காட்ச் என்றதும் முகம் மலர்கிறவர்கள் மன்னிக்க. இது வேறு சமாசாரம்.)

1600-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் ஒரு காரியம் செய்தார். அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதியில் கத்தோலிக்கர்களிடம் இருந்து நிலத்தைப் பிடுங்கி, ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்து புராட்டஸ்டன்ட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். கலகம் செய்கிற ஐரிஷ்காரர்கள் நடுவே ராஜ விசுவாசிகளை நட்டுவைக்கிற திட்டம். வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் பிரெஸ்பிடீரியன்கள். ராஜாவின் சபையோ ஆங்கிலிகன். 1704-ல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பதவி வேண்டுமா? ஆங்கிலிகன் முறைப்படி நற்கருணை வாங்கிக்கொண்டு வா. அதாவது, கத்தோலிக்கனை அடக்கக் கூட்டிவந்தவனும் இப்போது இரண்டாம் தரக் குடிமகன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். குத்தகை விவகாரம்தான் கழுத்தை நெரித்தது. பழைய குத்தகை முடிந்ததும் நிலப் பிரபுக்கள் வாடகையைத் தாறுமாறாக ஏற்றினார்கள். 1720-களின் கடைசியில் விளைச்சலும் பொய்த்துப் போனது. 1717, 18-லேயே தொடங்கியிருந்த கப்பல் பயணம் பெரும் கூட்டமாக மாறியது. 1776-க்குள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேலே. இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்பவர்களும் உண்டு.

கல்ஹூன் குடும்பம் அதில் ஒரு துளி. எந்தக் கப்பல்? தெரியாது. ஏன் தெரியாது என்பதற்கு ஒரு வேடிக்கையான காரணம் இருக்கிறது. 1727-ல் இருந்து பென்சில்வேனியாவில் இறங்குகிற ஜெர்மானியர்களின் பெயர்களைக் கப்பல் கேப்டன்கள் பட்டியல் போட்டுக் கொடுத்தாக வேண்டும். அந்நியர்கள் அல்லவா? ஆனால் அல்ஸ்டரில் இருந்து வருகிறவன் ஏற்கெனவே அரசரின் பிரஜை. அவனுக்கு எதற்குப் பட்டியல்? இறங்கினான், நடந்தான், போய்விட்டான். இன்றைக்கு ஜெர்மானிய வம்சத்து அமெரிக்கர் தன் முன்னோர் வந்த கப்பலின் பெயரைச் சொல்கிறார். ஸ்காட்ச்-ஐரிஷ் வம்சத்தவர் தலையைச் சொறிகிறார்.

சரி, அயர்லாந்தில் போய்த் தேடலாமே? அங்கே இன்னொரு சோகம். 1922 ஜூன் 30. உள்நாட்டுப் போரில் டப்ளின் நகரத்து ஃபோர் கோர்ட்ஸ் வளாகம் வெடித்து எரிந்தது. தேசத்தின் ஆவணக் காப்பகம் அந்த வளாகத்தில்தான் இருந்தது. பல நூற்றாண்டு உயில்கள், மக்கள்தொகைக் கணக்குகள், சபைப் பதிவேடுகள் எல்லாம் ஒரே நாளில் போச்சு. எரிந்த காகிதத் துண்டுகள் நகரத்தின் மேலே பறந்தனவாம்.

இந்த ஓட்டையில்தான் புளுகு புகுந்துகொள்கிறது. ஸ்காட்லாந்தில் லோமண்ட் ஏரிக்கரையில் இதே பெயரில் ஒரு பெரிய பிரபுக் குலம் உண்டு. எழுதும்போது பெயரின் நடுவே ஒரு எல், ஒரு க்யூ எல்லாம் வரும். உச்சரிக்கும்போது இரண்டும் காணாமல் போய் ‘கஹூன்’ என்று நிற்கும். அமெரிக்க குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். கல்ஹூன், கொல்ஹூன், கஹூன் என்று ஒரே குடும்பம் பல அவதாரம் எடுத்தது. பெயர் ஒத்துப்போகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கிளைக்குக் கிளை அந்தப் பிரபுவைக் கொள்ளுத்தாத்தா ஆக்கிக்கொண்டார்கள். நடுவில் இருக்கவேண்டிய தலைமுறைகளுக்கு ஆதாரம் கேட்டால் பதில் வராது. குத்தகை கட்ட முடியாமல் ஓடிவந்தவனின் பேரன் என்பதைவிட, கோட்டைக்காரனின் பேரன் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

கேதரினின் கணவர் பெயரிலேயே தகராறு. சில வம்சாவளிகள் ஜேம்ஸ் என்கின்றன. சில, பேட்ரிக் என்கின்றன. எதற்கு வம்பு என்று இரண்டையும் ஒட்டி ‘ஜேம்ஸ் பேட்ரிக்’ ஆக்கியவர்களும் உண்டு. அந்தக் காலத்து அல்ஸ்டர் விவசாயி வீட்டில் இரட்டைப் பெயர் வைக்கிற வழக்கமே அபூர்வம். அவர் 1740-களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் இறந்துபோனார். அதன்பிறகு குடும்பத்துக்குத் தலை, கேதரின்தான். ஜேம்ஸ், எசக்கியேல், வில்லியம், பேட்ரிக் என்று நான்கு பையன்கள். ஊரைவிட்டுக் கிளம்பும்போது பேட்ரிக்குக்கு ஆறு வயது.

கல்லில் உள்ள வயதைக் கழித்துப் பார்த்தால் கேதரின் பிறந்தது 1684 வாக்கில். அப்படியானால் பேட்ரிக் பிறந்தபோது அவருக்கு 43. அட்லாண்டிக்கைக் கடந்தபோது 49. நடந்திருக்கக்கூடியதுதான். ஆனாலும் கொஞ்சம் யோசிக்க வைக்கிற கணக்கு.

அடுத்த தடயம் வர்ஜினியாவில் கிடைக்கிறது. பென்சில்வேனியாவில் நிலம் விலை ஏற ஏற, குடும்பங்கள் மலைப் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே வண்டி கட்டின. கல்ஹூன்கள் போய் உட்கார்ந்த இடம் ரீட் க்ரீக். 1746 நவம்பரில் அகஸ்டா கவுண்ட்டி கோர்ட்டின் பதிவேட்டில் நான்கு சகோதரர்களின் பெயரும் வரிசையாக வருகிறது. எதற்கு என்கிறீர்கள்? பொய்ச் செய்தி பரப்பினார்கள் என்று புகார்! கொடுத்தவர் ஜேம்ஸ் பேட்டன். பெரிய நில வியாபாரி. அவரும் அல்ஸ்டரில் இருந்து வந்தவர்தான். சகோதரர்கள் என்ன வதந்தி பரப்பினார்கள் என்று கோர்ட் எழுதிவைக்கவில்லை. எனக்கு இந்தப் பக்கம் ரொம்பப் பிடிக்கும். கல்லறைகள் எல்லோரையும் உத்தமர்கள் ஆக்கிவிடுகின்றன. கோர்ட் பதிவேடுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

1755 ஜூலையில் பிரிட்டிஷ் தளபதி பிராடக்கின் படையை பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு சேர்ந்த செவ்விந்தியர்களும் நொறுக்கினார்கள். எல்லைப்புறம் முழுக்க நடுங்கியது. அதே மாதம் பேட்டனும் ஒரு தாக்குதலில் செத்துப்போனார். கல்ஹூன்கள் மறுபடி மூட்டை கட்டினார்கள். 1756 பிப்ரவரியில் தென் கரோலினாவின் லாங் கேன்ஸ். கேதரினுக்கு அப்போது 70 தாண்டிவிட்டது. டொனகால், பென்சில்வேனியா, வர்ஜினியா, இப்போது இது.

நல்ல மண். நல்ல தண்ணீர். ஒரே ஒரு பிரச்னை, அது செரோக்கீ மக்களின் எல்லை. வெள்ளையர் இதைத் தாண்டக்கூடாது என்று அவர்கள் நினைத்த கோட்டை மிதித்துக்கொண்டுதான் இந்தக் குடியிருப்பு வளர்ந்தது. செரோக்கீகள் பிரிட்டிஷாருக்கு நண்பர்களாக இருந்தவர்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான போரில் உதவிவிட்டுத் திரும்பும் வழியில், 1758-ல், அவர்களில் பலரை வர்ஜினியாக் குடியேறிகள் சுட்டுக் கொன்றார்கள். பதிலுக்குப் பதில் தொடங்கியது. 1759 கடைசியில் சமாதானம் பேச வந்த செரோக்கீத் தலைவர்களை கவர்னர் லிட்டில்டன் பிடித்துவைத்துக்கொண்டார். தூது வந்தவர்களைப் பிணைக்கைதி ஆக்கினால் என்ன நடக்கும்? நடந்தது.

தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்து, லாங் கேன்ஸ் மக்கள் வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஜார்ஜியாவின் அகஸ்டா நகருக்குக் கிளம்பினார்கள். பிப்ரவரி 1. ஓடைப்பக்கம் சிக்கிக்கொண்டார்கள். செரோக்கீ வீரர்கள் பாய்ந்தார்கள்.

சில நாள் கழித்து பேட்ரிக் சார்ல்ஸ்டனுக்குப் போய்ச் சொன்னதை அங்கிருந்த பத்திரிகை அச்சிட்டது. மொத்தம் சுமார் 250 பேர் போனோம், சண்டை போடக்கூடிய ஆண்கள் 55 அல்லது 60. இழந்தது சுமார் 50 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 13 வண்டிகள். புதைக்கத் திரும்பிப் போனபோது கிடைத்தவை 20 உடல்கள். கல்லிலோ, கேதரினையும் சேர்த்து 23. மூன்று கணக்கு. மூன்றும் ஒரே மனிதரிடம் இருந்து வந்தவை. கல்லையே நம்பி, செத்தவர்கள் 23 பேர் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வில்லியமின் இரண்டு சின்னப் பெண்களை செரோக்கீகள் கொண்டுபோனார்கள். ஆன், மேரி. ஆன் பல வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், அவள் கிளை தழைத்தது. மேரி வரவே இல்லை. கைக்குக் கை என்று கணக்குத் தீர்ப்பது அதோடு நிற்கவில்லை. இரண்டு வாரத்தில், கோட்டையில் அடைத்துவைத்திருந்த செரோக்கீப் பிணைக்கைதிகளை சிப்பாய்கள் கொன்றார்கள். 1761-ல் பிரிட்டிஷ் படை போய் 15 செரோக்கீ ஊர்களைக் கொளுத்தியது. அந்த ஊர்களில் கேதரின் மாதிரி எத்தனை பாட்டிகள் இருந்தார்கள் என்பதற்குக் கல் ஏதும் கிடையாது.

பேட்ரிக் அதே இடத்துக்குத் திரும்பினார். நில அளவையாளர் ஆனார். சட்டசபைக்குப் போனார். 1770-ல் மார்த்தா கால்ட்வெல் என்கிற பெண்ணை மணந்தார். பிறந்த ஒரே பெண் குழந்தைக்கு வைத்த பெயர், கேதரின்.

நான்கு பையன்களில் மூன்றாமவன் 1782-ல் பிறந்தான். ஜான் கால்ட்வெல் கல்ஹூன். அமெரிக்காவின் துணை ஜனாதிபதியாக 1825-ல் இருந்து 1832 வரை இருந்தவர். அவருக்கு மேலே கொஞ்ச காலம் ஜனாதிபதியாக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் பெற்றோரும் அல்ஸ்டரில் இருந்து 1765-ல் வந்தவர்கள். ஜான் மணந்துகொண்டது பெரியப்பா எசக்கியேலின் பேத்தியை. பெண்வீட்டார் தங்கள் பெயரை ‘கொல்ஹூன்’ என்று எழுதினார்கள், மாப்பிள்ளை ‘கல்ஹூன்’. கல்யாணத்தில் ஒரு எழுத்து மட்டும் மாறியது! இதை வைத்துக்கொண்டு, இரண்டும் வேறு வேறு குடும்பம் என்று வாதாடினால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல் நடந்தது. வீட்டுத் தலைவரின் பெயரை மட்டும் எழுதினார்கள். மற்றவர்கள் வெறும் எண். பேட்ரிக் கல்ஹூன் வீட்டுக்கு எதிரே கடைசிக் கட்டத்தில் இருக்கிற எண் 31. அடிமைகள்.

எட்டு வயது ஜானும் அந்தத் தாளில் ஒரு எண்தான். ஆனால் அவருக்குக் கடிதங்கள் இருக்கின்றன, சொத்துப் பத்திரங்கள் இருக்கின்றன, புத்தகம் புத்தகமாக வரலாறு இருக்கிறது. அந்த 31 பேருக்கு? பேட்ரிக் சார்ல்ஸ்டன் சந்தையில் வாங்கிவந்த ஓர் ஆப்பிரிக்கருக்கு ஆடம் என்று பெயர் வைத்ததாகவும், ஆடமின் மகன் சானி சிறுவன் ஜானின் தோழனாக இருந்ததாகவும் குடும்பத்தில் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆடமின் அம்மா யார்? ஊர் எது? அவருக்கு அவர் வீட்டில் வைத்த பெயர் என்ன? 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியலே போட்டார்கள். அதிலும் முதலாளி பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் கிடையாது. 1870-ல்தான் விடுதலையான கறுப்பர்கள் எல்லோரும் பெயரோடு எழுதப்பட்டார்கள். முதலாளிகளின் பெயரையே குடும்பப் பெயராகத் தாங்கியவர்கள் அவர்களில் ஏராளம். கறுப்பினக் குடும்பம் ஒன்று வம்சாவளி தேடிப் பின்னால் போனால், பெரும்பாலும் அந்த 1870-ல் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

தோழன் சானியோடு வயலில் வேலை செய்ததாகச் சொல்லப்படுகிற அதே ஜான்தான், 1837-ல் செனட்டில் எழுந்து அடிமை முறை தீமையே அல்ல, நன்மை என்று வாதாடியவர். வாடகையும் மதமும் விரட்டியடித்த குடும்பத்தின் மூன்றாவது தலைமுறை. ஸ்காட்ச்-ஐரிஷ் பெருமை பேசும் பழைய புத்தகங்களில் டொனகால் கஷ்டமும் லாங் கேன் ரத்தமும் விரிவாக வரும். இந்த 31 வராது. அந்த அடையாளமே பிற்காலத்தில் பிரபலம் ஆனதுதான். 1840-களின் பஞ்சத்தில் ஏழை ஐரிஷ் கத்தோலிக்கர்கள் குவிந்தபோது, ‘நாங்கள் அவர்கள் இல்லை’ என்று சொல்ல இந்தப் பெயர் வசதியாக இருந்தது. அதற்குமுன் ஊரார் இவர்களையும் சும்மா ஐரிஷ் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஜானின் ஃபோர்ட் ஹில் பண்ணை மருமகன் தாமஸ் கிளெம்சன் கைக்குப் போய், பிறகு கல்லூரி ஆனது. இன்றைய கிளெம்சன் பல்கலைக்கழகம் அதுதான். வளாகத்துக்குள் ஒரு குன்றின்மேல் கல்லறைத் தோட்டம். கல்ஹூன் குடும்பத்தினர் சிலருக்கு அங்கே பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. 2020-ல் தரைக்குள் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவியை அந்தக் குன்றில் ஓட்டினார்கள். கல் இல்லாத நூற்றுக்கணக்கான குழிகள் தெரிந்தன. பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களும், பின்னாளில் கல்லூரியைக் கட்ட அழைத்துவரப்பட்ட கைதிகளும் அங்கேதான் புதைக்கப்பட்டார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு சின்னக் கொடி நட்டுவிட்டு, பழைய கடிதங்களிலும் கணக்கு நோட்டுகளிலும் பெயர்களைத் தேட ஆரம்பித்தார்கள்.