சார்த்ரு பேராலயமும் பீடத்தை மறைத்த கற்சுவரும்

பிரான்சு நாட்டில் பாரீசுக்குத் தென்மேற்கே சார்த்ரு என்னும் ஊர் இருக்கிறது. 1194-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கிருந்த தேவமாதா ஆலயம் தீக்கிரையாயிற்று. மாதாவின் திரு ஆடை என்று போற்றப்பட்ட திருப்பண்டமும் எரிந்ததென மக்கள் கலங்கினர். சில நாட்களுக்குப் பின் நிலவறையிலிருந்து குருக்கள் அதைப் பழுதின்றி வெளியே கொண்டுவந்தபோது, மாதா புதிய ஆலயம் கேட்கிறாள் என்றே எண்ணி வேலையில் இறங்கினர். 1260-இல் அரசர் புனித லூயி முன்னிலையில் அது அபிஷேகம் செய்யப்பட்டது.

முற்காலத்தில் கற்கூரையின் பாரத்தைச் சுவரே சுமந்தது. ஆகவே சுவர் தடித்தது, சன்னல் சிறுத்தது, உள்ளே இருட்டு. சார்த்ருவிலோ, கூரான வளைவுகளும் விலாவெலும்பு போன்ற கல்வரிகளும் பாரத்தைத் தூண்களில் இறக்குகின்றன. தூண் வெளிப்புறம் சாய்ந்துவிடாதபடி, ஆலயத்துக்கு வெளியே நின்று கல்வில்கள் முட்டுக்கொடுக்கின்றன. கூரை ஏறத்தாழ 37 மீட்டர் உயரம். சுவருக்குச் சுமை குறைந்தது. அவ்விடமெல்லாம் வண்ணக் கண்ணாடி. ஒளியே மனதை இறைவனிடம் உயர்த்தும் என்று கருதி, சூஜே என்னும் மடாதிபதி புனித தெனிசு ஆலயத்தில் 1144-இல் காட்டிய வழி இது.

இக்கண்ணாடிகளை 'எழுத்தறியாதவரின் வேதாகமம்' என்று நாம் குருமடத்தில் படித்தோம். அது பாதி உண்மைதான் என்று இப்போது தோன்றுகிறது. மேல்வரிசைச் சன்னலின் நுணுக்கங்கள் தரையில் நிற்பவன் கண்ணுக்கு எட்டா. கீழ்வரிசையிலோ ரொட்டி சுடுவோர், செருப்புத் தைப்போர், சக்கரம் செய்வோர் எல்லாரும் தத்தம் தொழிலோடு நிற்கிறார்கள். அவர்கள் தங்களையே அங்கே கண்டிருப்பார்கள்!

ஆனால் பீடத்தைக் கண்டார்களா? பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மக்கள் நின்ற பகுதிக்கும் குருக்களின் பாடற்பகுதிக்கும் இடையே சிற்பங்கள் நிறைந்த கற்சுவர் ஒன்றை எழுப்பிவிட்டனர். அதற்கப்பால் நடந்த இலத்தீன் வழிபாடு மக்கள் காதில் விழுந்தது, கண்ணில் படவில்லை. எழுந்தேற்றத்தில் நற்கருணையை எல்லாரும் காண உயர்த்தும் வழக்கம் 1200-ஐ ஒட்டிப் பாரீசு ஆயர் ஓதோ தெ சுல்லி காலத்தில் வேரூன்றியது. மக்களின் கண்பசி அத்தகையது. சிற்பம் எவ்வளவு அழகாயினும், அச்சுவரை நாம் குறையென்றே கருதுகிறோம்.

1763-இல் அதை இடித்தார்கள். மக்களுக்காக என்று சொல்வதற்கில்லை. பாடற்பகுதியைப் புதுப்பாணியில் அலங்கரிக்கும் வேலையில் அதுவும் போயிற்று. அதன் சிற்பத் துண்டுகள் சில இன்றும் எஞ்சியுள்ளன.