வேலை போன தோட்டமும் குண்டர் கும்பலும்

1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம், முன்பு சுங்கை ரெங்கம் என்ற தோட்டப்புறம். தோட்டத்தில் ஒருவருக்கு வேலை போயிற்று என்றால் கூலி மட்டுமா போயிற்று? குடியிருந்த லயமும் தோட்டத்துக்கே சொந்தம், அதுவும் போயிற்று.

1969-இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாயிற்று. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் தாயகம் திரும்பினர். எஞ்சியோரில் பலர் ஒப்பந்தக்காரரிடம் குறைந்த கூலிக்கு நின்றனர். அவர்கள் கத்தி தூக்கவில்லை. வேலையின்மை வந்தால் மறுநாளே குற்றம் வந்துவிடும் என்போர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. மக்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும், பிறகு அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர். தந்தையின் பால்மரம் சீவும் கைத்திறன் தொழிற்சாலை வாசலில் செல்லவில்லை. மகனுக்கோ வேறு தொழில் கற்பிப்பார் இல்லை. தோட்டத்தில் தவறு செய்தால் காதைத் திருகப் பெரியவர்கள் இருந்தனர். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டாரே அந்நியர். அங்கே பையனை "சாப்பிட்டாயா?" என்று விசாரித்தது கும்பல்தான்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் சுமார் 40,000 உறுப்பினரில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர். நாட்டு மக்கள்தொகையிலோ நாம் நூற்றுக்கு ஏழு பேர்தாம்.