காரணம் அறியாக் காவல்

குற்றம் புரிந்தானைச் சிறையிடுதல் ஒன்று. புரியக்கூடுமென்று ஐயுற்று முன்னதாகவே அடைத்துவைத்தல் மற்றொன்று. பின்னதைத் தடுப்புக் காவல் என்பர். ஆங்கிலேயர் 1818இல் வங்காளத்திலும், 1819இல் சென்னை மாகாணத்திலும் இதற்கென ஒழுங்குச் சட்டங்கள் வகுத்தனர். அவர் போயினர், அம்முறை போயிற்றில்லை. 1950இல் நம் அரசியற் சட்டத்தின் 22ஆம் உறுப்பிலேயே அஃது இடம்பெற்றது.

அவ்வாண்டு பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை நம் அன்பர்கள் அறிதல் நலம். 1947 டிசம்பர் முதலே சிறைப்பட்டிருந்த அவர்க்கு, 1950 மார்ச்சு 1ஆம் தேதி புதிய சட்டப்படி மற்றோர் ஆணை தரப்பெற்றது. அச்சட்டத்தின் 14ஆம் பிரிவோ வியப்பினும் வியப்பு! காவலுக்குரிய காரணங்களைக் கைதிக்கு அறிவிப்பர். அவற்றை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தல் கூடாது. அரசின் இசைவின்றி வெளியிடின் ஓராண்டு வரை சிறை. நோயை வைத்தியரிடம் சொல்லாமலே மருந்து பெறுக என்பது போன்றதன்றோ இது? காரணத்தைக் காணாத நீதிபதி, காவல் முறையோ முறையன்றோ என்று எங்ஙனம் தேர்வார்?

மே 19ஆம் தேதி நீதிபதிகள் அறுவரும் அப்பிரிவு செல்லாதென்றனர். எனினும் சட்டத்தின் எஞ்சிய பகுதி செல்லுமெனப் பெரும்பான்மையோர் கொண்டமையின் கோபாலன் மனு தள்ளப்பட்டது. வழி திறந்தது, திறந்தவர் உள்ளேயே இருந்தார்.

காரணம் சொன்னாற் போதுமா, சான்றும் காட்ட வேண்டுமா என்னும் வினா பின்னும் நின்றது. பொது நலனுக்கு மாறெனத் தோன்றும் செய்திகளை மறைக்க அரசுக்கு 22ஆம் உறுப்பே இடந்தருகின்றது. 1980இல் ஒரு தாய், கள்ளக்கடத்தற் சட்டத்தில் அடைபட்ட தம் மகனுக்காக உச்ச நீதிமன்றம் சென்றார். அரசு ஆதாரமாகக் கொண்ட ஆவணங்களும், ஒலிப்பதிவு நாடாக்களின் படிகளும் மகனுக்கு உரிய காலத்திற் கிடைக்கவில்லை. ஆதாரமாகக் கொண்டவை யாவும் காரணத்தின் பகுதியே, அவற்றின் படிகளையும் உடன் தருதல் வேண்டும் எனக் கூறி நீதிமன்றம் காவலை நீக்கிற்று.

குண்டர் சட்டமென நம் மக்கள் வழங்கும் 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்ட வழக்குகளிலும் இவ்விதி பயன்படுகின்றது. எழுத்து மங்கிய படிகளைத் தந்தமையாலும், தமிழே அறிந்தார்க்கு ஆங்கிலத் தாளை மொழிபெயர்ப்பின்றித் தந்தமையாலும் ஆணைகள் வீழ்ந்துள. ஆதலின் நம் குடும்பங்களில் எவர்க்கேனும் இந்நிலை நேரின், கொடுக்கப்பட்ட தாள்களை ஒன்றுவிடாது வாசித்து, விடுபட்டதையும் படிக்கவியலாததையும் குறித்துக்கொண்டு வழக்கறிஞரிடம் செல்க.