வத்திப்பெட்டி

கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் திருவொற்றியூரைத் தாண்டியதும் வரும் நிலையம் விம்கோ நகர். அடுத்தது கத்திவாக்கம், அதற்கும் அடுத்தது எண்ணூர். பழைய ஊர்ப்பெயர்களுக்கு நடுவில் இது ஒரு கம்பெனியின் பெயர்: வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம். 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிகளுக்கு வரி ஏறியதும், வெளியிலிருந்து கொண்டுவந்து விற்பதைவிட இங்கேயே செய்வது மேல் என்று ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனம் கணக்குப் போட்டது. மறு ஆண்டே விம்கோ பிறந்தது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா என்று அதன் ஆலைகள் இருந்த ஊர்களின் வரிசையில் திருவொற்றியூரும் சேர்ந்தது. கப்பல், குதிரைத்தலை, சீட்டா ஃபைட் எல்லாம் அந்தக் கம்பெனியின் மார்க்குகள்.

தீப்பெட்டியால் பெயர் பெற்ற இந்தப் பகுதியில், எங்கள் சிறுவயதில், வீட்டுக்குள் யாரும் தீப்பெட்டி என்று சொன்னதில்லை. அது பாடப்புத்தகத்துச் சொல். "டேய், வத்திப்பொட்டிய எடுத்தா" என்பார் ஆயா. நைனா சட்டைப்பையில் தடவித் தேடியதும் வத்திப்பெட்டிதான். சென்னையிலும் வடமாவட்டங்களிலும் இன்றும் வயதானவர்களிடம் இந்தச் சொல் இருக்கிறது. இதைக் கொச்சை என்று திருத்திய ஆசிரியர்கள் உண்டு. எனக்கோ இதில் தீப்பெட்டியைவிட நீண்ட வரலாறு தெரிகிறது.

வத்தி என்பது வர்த்தி. வடமொழியில் சுருட்டியது, முறுக்கியது என்று பொருள், அதிலிருந்து விளக்குத்திரி. தமிழில் அதே பொருளுக்குத் திரி என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. அதுவும் திரித்தல், அதாவது முறுக்குதல் என்பதிலிருந்து வந்ததே. ஒரே செயலைப் பார்த்து இரண்டு மொழிகள் ஒரே பொருளுக்கு ஒரே விதமாகப் பெயர் வைத்திருக்கின்றன. பிராகிருதம் வழியாக வர்த்தி வத்தி ஆனது. இந்தியில் பத்தி ஆகி இங்கே மறுபடியும் வந்து சேர்ந்தது. அதனால்தான் ஊதுவத்தி, ஊதுபத்தி என்று இரண்டும் கடையில் ஒன்றாக விற்கின்றன. இரண்டுமே சரி.

ஒரே பொருளுக்கு இரண்டு சொல் சேர்ந்துவிட்டால், பேசுகிறவர்கள் அவற்றுக்குள் வேலையைப் பிரித்துவிடுவார்கள். இங்கே நடந்த பாகப்பிரிவினை அழகானது. குத்துவிளக்கில் போடுவது திரி. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஏற்றி இறக்குவது திரி. பட்டாசின் வாலும் திரி. ஊதுவத்தி, மெழுகுவத்தி, கொசுவத்தி, வத்திக்குச்சி இவை வத்தி. எண்ணெயையோ வெடிமருந்தையோ எரியவைப்பது திரி. தன்னையே எரித்துத் தீர்ந்துபோவது வத்தி. எந்த இலக்கணமும் இதைச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் குத்துவிளக்குக்கு வத்தி போடு என்று எங்கள் தெருவில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

விம்கோ என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும் மேட்ச் என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. பழைய பிரெஞ்சில் அது விளக்குத்திரி. பிறகு பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் நெருப்பு வைக்கப் பயன்பட்ட, மெல்லக் கனியும் கயிற்றுக்குப் பெயரானது. கடைசியில்தான் குச்சிக்கு வந்தது. அந்தக் கயிற்றை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பொட்டிக்கடைக் கம்பத்தில் நுனியில் கங்குடன் தேங்காய்நார்க் கயிறு தொங்கும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அதில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நடப்பார்கள். திரியிலிருந்து குச்சிக்கு வந்த வத்தியும் மேட்சும், இரண்டு மொழிகளில் தனித்தனியே நடந்து, எங்கள் ஊர் ஆலை வாசலில் சந்தித்துக்கொண்டன. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து வத்திப்பெட்டி என்று சொல்ல நான் கூச்சப்பட்டதில்லை.

குச்சிக்கு முன்னால் நெருப்புக்கு என்ன செய்தார்கள்? சங்கச் சொல் ஞெலிகோல். ஞெலிதல் என்றால் கடைதல். கட்டையைக் கட்டையில் கடைந்து தீ எடுக்கும் கோல் அது. புறநானூற்றின் 315ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியை, வீட்டு இறப்பில் செருகிவைத்த ஞெலிகோலோடு ஒப்பிடுகிறார்: இருக்கும் இடம் தெரியாமல் இருக்கும், வேண்டியபோது தீயைக் காட்டும். புலவர் அரசனைப் பார்த்தார். நான் அதில் ஒரு வீட்டைப் பார்க்கிறேன். நெருப்புக்கருவிக்கு அந்த வீட்டிலும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது அடுப்புக்கு மேலிருந்த மாடத்தின் வலது மூலை. கரண்ட் போன இரவுகளில் கை தானாக அங்கே போகும். எடுத்த இடத்தில் வைக்காதவனுக்கு அன்று திட்டு நிச்சயம்.

அடுத்து வந்தது சக்கிமுக்கி. துருக்கியச் சொல்லான சக்மாக் உருதுவழி தெற்கே வந்து, தெலுங்கில் செகுமுகி, தமிழில் சக்கிமுக்கி, சிக்கிமுக்கி என்று உருண்டது. கல்லும் இரும்பும் பஞ்சும் இல்லாத வீட்டார் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து கங்கு வாங்கி வருவார்கள். வறட்டித் துண்டில் கங்கை ஏந்தி வந்த கதையை ஆயா சொல்வார். விளக்கு வைத்த பிறகு நெருப்புக் கேட்டால் கொடுக்கமாட்டார்களாம்.

1820களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் உரசினால் பற்றும் குச்சியை விற்றார். பிறகு வந்த வெண்பாஸ்பரஸ் குச்சிகள் செய்தவர்களின் தாடை எலும்பையே அரித்தன. இந்தியாவில் அவற்றைத் தடைசெய்யும் சட்டம் 1913இல் வந்தது. வழி காட்டியது சுவீடன். 1844இல் குஸ்தாப் எரிக் பாஷ் பெற்ற உரிமத்தின் சூட்சுமம் மருந்தை இரண்டாகப் பிரித்ததில் இருக்கிறது. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். பாதி நெருப்பு குச்சியில், பாதி பெட்டியில். கௌபாய் படங்களில் பூட்ஸில் உரசிப் பற்றவைப்பதைப் பார்த்துவிட்டு, கால்சட்டைப் பையில் வெறும் குச்சிகளைப் போட்டுக்கொண்டு சுவர் சுவராக உரசிய பையன்களுக்கு இது புரியவில்லை. பெட்டி இல்லாவிட்டால் குச்சி வெறும் மரம். தமிழில் எல்லாப் பெயரிலும் பெட்டி ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் நெருப்புப்பெட்டி, தெலுங்கில் அக்கிபெட்டெ. எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் வீடுகள் இருந்ததால் அக்கிபெட்டியும் எங்கள் காதுக்குப் பழக்கம்தான்.

கடற்காற்று வீட்டுக்குள் வரும் ஊர் அது. ஐப்பசி, கார்த்திகையில் வத்தி நமத்துப்போகும். உரசினால் மருந்து மட்டும் பிசுபிசுவென்று உதிரும். அம்மா குச்சியைத் தலைமுடியில் நாலு தேய்ப்பு தேய்த்துவிட்டு உரசுவார், பற்றிக்கொள்ளும். எரிந்த குச்சிகளையும் எறியமாட்டார்கள். தனியாக ஒரு காலிப் பெட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். அடுப்பிலிருந்து விளக்குக்கு, விளக்கிலிருந்து ஊதுவத்திக்கு நெருப்பைக் கொண்டுபோக அவை போதும். ஒரு நாளைக்கு ஒரு புதுக்குச்சி என்பது ஆயாவின் சட்டம்.

காலிப்பெட்டி எங்களுக்கு. அப்போதைய பெட்டி மெல்லிய மரச்சீவலில் ஊதாத்தாள் சுற்றியது. இரண்டு பெட்டி, நடுவில் நூல்: டெலிபோன். ஐந்தாறு சேர்த்தால் கூட்ஸ் வண்டி. காற்றுக்கு ஓட்டை போட்டு, வேலமர இலை வைத்து, உள்ளே பொன்வண்டு. மேலிருக்கும் படத்தை நனைத்து உரித்துச் சேர்ப்பதும், அதை வைத்து ஆடுவதும் தனி உலகம். தீபாவளிக்கு மட்டும் வரும் கலர் வத்திப்பெட்டியின் குச்சி பச்சையும் சிவப்புமாக எரியும். அதை மத்தாப்புப் பெட்டி என்பவர்களும் உண்டு. மத்தாப்பு பாரசீகத்தின் மஹ்தாப். நிலவொளி என்று பொருள்.

நாங்கள் ஆடிய படங்களில் பல, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பெட்டிகளில் வந்தவை. விம்கோ பிறந்த 1923இலேயே, கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழிலைத் தொடங்கிவிட்டார்கள். இங்கே எந்திரம், அங்கே கை. எங்கள் பக்கம் வேலைக்குப் போகும் இடம் கம்பெனி. அங்கே அதற்குப் பெயர் தீப்பெட்டி ஆபீஸ். சட்டத்தில் குச்சி செருகும் வேலை கட்டை அடுக்குதல். வீட்டுத் திண்ணையில் நடப்பது பெட்டி ஒட்டுதல். அந்தச் சொற்களை நான் பெரியவனானபிறகே கேட்டேன். கட்டை அடுக்கிய கைகளில் எங்கள் வயதுப் பிள்ளைகளின் கைகளும் இருந்தன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் பள்ளிவிட்டு வந்து படம் உரித்த மாலைகளில் அவர்கள் ஆபீஸ் வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல்தான் வந்தது. சிவகாசியைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு 1996 டிசம்பர் ஆனது. என் இளமைப் பொருள்களைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

பேச்சில் வத்தியும் தீப்பெட்டியும் வேறுவேறு வேலைக்குப் போயின. வத்தி வைப்பது என்றால் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூட்டிவிடுவது. தீப்பெட்டி போன்ற வீடு என்றால் நெருக்கமான சின்ன வீடு. ஹவுசிங் போர்டு குடியிருப்புகளைப் பார்த்துப் பழகிய வாய்க்கு இது எளிதில் வரும். இந்த இடத்தில் வத்திப்பெட்டி என்று யாரும் மாற்றிச் சொல்வதில்லை.

விம்கோ 2005இல் ஐ.டி.சி. வசமானது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. நிலையத்தின் பெயருக்குள் ஒரு மேட்ச் இருப்பது அதில் ஏறும் பிள்ளைகளுக்குத் தெரிய வழியில்லை. அதே ஆண்டு டிசம்பரில் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. முந்தைய விலையேற்றம் நடந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டு அடுப்பில் இப்போது கேஸ் லைட்டர். அது தீயைத் தருவதில்லை. படிகத்தைத் தட்டிப் பொறியை மட்டும் தருகிறது. கல்லைத் தட்டிப் பொறி எடுத்த சக்கிமுக்கியின் நேர்வாரிசு. இருபது ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை 2023இல் அரசு தடைசெய்தது; கோவில்பட்டிக்காரர்கள் கேட்டு வாங்கிய தடை அது.

குச்சியின் பெயர் மரத்துக்கும் ஏறியிருக்கிறது: தோட்டங்களில் வளரும் பெருமரத்தைக் கொங்குப் பக்கம் தீக்குச்சி மரம் என்கிறார்கள். மென்மையான கட்டை, குச்சி சீவ ஏற்றது. அதற்குப் பீநாறி என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. நாற்று வாங்க வருகிறவர்கள் கேட்பது தீக்குச்சி மரக்கன்று.