விளக்கிய பித்தளையும் விளங்காத வரலாறும்

விளக்குதல் என்னும் வினைக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, மறைந்திருப்பதைத் தெளிவுபடுத்தல். மற்றொன்று, பாத்திரத்தைத் துலக்கி ஒளிபெறச் செய்தல். பித்தளை ஊதுகருவிகளை நம் இசை வரலாறு முதற்பொருளில் ஓரளவு விளக்கியிருக்கிறது. இரண்டாம் பொருளில் அவற்றை விளக்கி வந்த கைகளைப் பற்றி அது பேசியதே இல்லை எனலாம். சென்னைக்கு மேற்கே பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்தை முன்வைத்து இக்குறையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இங்கே உலோகக் குழல் இரு வழிகளில் வந்து சேர்ந்தது. முதலாவது கோயில் வழி. திருவேற்காடும் திருமுல்லைவாயிலும் பாடல் பெற்ற தலங்கள். திருவேற்காட்டைப் பாடிய சம்பந்தர் திருவரத்துறையில் முத்துச்சிவிகையோடு முத்துச்சின்னமும் பெற்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அச்சின்னத்தின் வழிவந்ததே கோயில்களில் ஊதப்படும் திருச்சின்னம்; மெல்லிய இரு குழல்களை ஒருவரே ஒருசேர ஊதுவார். கொம்பும் எக்காளமும் இதன் உறவினங்கள். இவற்றில் பித்தானோ அடைப்போ கிடையாது. கொம்பையும் எக்காளத்தையும் துண்டு துண்டாகக் கழற்றிக் கழுவலாம். துலக்குவதற்குப் புளியும் சாம்பலும் செங்கற்பொடியும் போதும். புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் செம்பின் கறையைக் கரைக்கும், சாம்பலின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும், செங்கற்பொடி தேய்க்கும். வேதியியல் என்ற பெயர் அறியாத வேதியியல் இது. ஆயின் புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்த்துவிட்டு நன்றாக அலசாது விட்டால், உப்பின் குளோரைடு உலோகத்தில் தங்கிப் புதிய அரிப்புக்கு வித்திடும்.

இரண்டாவது படை வழி. பூந்தமல்லி 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படையினரின் நிலையமாக இருந்தது. அக்காலப் படைவீரனின் பொழுதைப் பகுத்தது பியூகிள் என்னும் ஊதுகொம்பு. பேண்டு இசையோ படைமுகாம் எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை. சென்னைக் கோட்டையில் ஒலித்த மேனாட்டு மெட்டுகளைக் கேட்டே முத்துசாமி தீட்சிதர் தம் நோட்டு சுவர உருப்படிகளை இயற்றினார் என்பது வழிவழிச் செய்தி. ஆவடி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெரும் படைத்தளமாயிற்று. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலையும் அங்கே அமைந்தது. மத்திய ரிசர்வ் காவல்படையும் தமிழ்நாடு சிறப்புக் காவல்படையும் அங்கே நிலைகொண்டன. அணிவகுப்பு உள்ள இடத்தில் பேண்டும் இருக்கும். பேண்டு உள்ள இடத்தில் பித்தளையைத் துலக்கும் வேலையும் இருக்கும்.

1818இல் பெர்லினில் அடைப்பிதழ் முறைக்கு உரிமம் வழங்கப்பட்டபின் ஊதுகுழலின் உடலே மாறிற்று. இன்றைய டிரம்பெட்டின் குழல் நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரும். அதனைச் சுருட்டி, இடையே மூன்று பிஸ்டன்களைப் பொருத்தியிருக்கிறார்கள். ஊதுபவரின் மூச்சிலுள்ள ஈரமும் எச்சிலும் உணவுத் துணுக்கும் அவ்வளைவுகளில் படியும். வாசித்து முடித்ததும் நீரை வடித்துவிட வேண்டும். அவ்வப்போது பாகங்களைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, வளையும் தூரிகையை உள்ளே செலுத்திக் கழுவ வேண்டும். கொதிநீர் மேற்பூச்சை உரித்துவிடும். உலர்ந்தபின் பிஸ்டனுக்கு மெல்லிய எண்ணெயும், இழுகுழாய்களுக்குக் கெட்டியான மசகும் இட வேண்டும்.

ஆயினும் அணிவகுப்பின் கண் வெளிப்புறத்தையே காண்கிறது. 1905இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த பிராசோ, படைவீரனின் பொத்தானையும் குழலின் வாயையும் ஒருங்கே மின்னச் செய்தது. பளபளப்பு ஒழுங்கின் அடையாளமாயிற்று. பித்தளைக்கு வரும் பெருநோயோ உட்புறத்தில் தொடங்குவது. தேங்கிய ஈரத்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேற, நுண்துளைகள் நிறைந்த செம்பு மட்டும் எஞ்சுகிறது. வெளியே ஓர் இளஞ்சிவப்புப் புள்ளி தோன்றும்போது உள்ளே சுவர் நைந்துபோயிருக்கும். வாயூதுமிடத்தை அடுத்த குழாய்க்கே இந்நோய் மிகுதி.

இங்கே சைவ சித்தாந்தத்தின் புகழ்பெற்ற உவமை நினைவுக்கு வருகிறது. உயிரில் ஆணவம் நெல்லில் உமி போன்றது, செம்பில் களிம்பு போன்றது என்பர். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசியன்று, செம்போடு உடன் இருப்பது என்பது அவர்கள் கருத்து. காற்றும் ஈரமும் இன்றிக் களிம்பு ஏறாது என்பது இன்றைய அறிவு. எனினும் புறத்தைத் தேய்ப்பதால் மட்டும் அகம் தூய்மையாகாது என்ற அளவில் உலோகத்தை அவர்கள் கூர்ந்து நோக்கியே உவமை கண்டிருக்கிறார்கள்.

துலக்குதல் நம் மாநிலத்தில் ஆய்வறிவாகவும் மலர்ந்தது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் பணியேற்ற எஸ். பரமசிவன், களிம்பேறிய வெண்கலப் படிமங்களை மின்வேதியியல் முறையில் காத்தார். ஆனால் காட்சிப் பேழையிலுள்ள படிமத்துக்கும் ஊதப்படும் குழலுக்கும் வேறுபாடு உண்டு. படிமத்தைத் தொடாமல் காக்கலாம். குழலை ஊதியும் கழுவியுமே காக்க முடியும்.

இன்று பல கோயில்களில் மணியும் முரசும் மின்பொறியால் ஒலிக்கின்றன. பொறிக்கு மூச்சு வேண்டாம், புளியும் வேண்டாம். ஊதுபவர் அகன்ற இடத்தில் துலக்குபவரும் அகன்றுவிடுகிறார். கருவி அறையில் கிடந்து பச்சை பூக்கிறது. ஆவடிப் பக்கத்துத் திருமண ஊர்வலத்திலோ ஆடித் திருவிழாவிலோ டிரம்பெட் ஊதும் கலைஞருக்கு இந்த ஓய்வு இல்லை. குழல் கெட்டால் அன்றைய கூலி கெடும். ஆகவே அவர் உள்ளேயும் கழுவியாக வேண்டும்.

1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டப்படி, கோயிலின் அசையும் பொருள்கள் எடையோடும் மதிப்போடும் பதிவேட்டில் ஏற வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளே களிம்பேறிய குழல் தராசில் குறைந்து நிற்பதில்லை. அது ஒலிக்கிறதா என்பதைத் தராசு சொல்லாது. எடுத்து ஊதிப் பார்த்தவர்தாம் சொல்ல முடியும். அந்தப் பதிவேட்டில், கடைசியாக இக்கருவி ஊதப்பட்ட நாள், துலக்கப்பட்ட நாள் என்று இரண்டு கட்டங்கள் கூடுதலாக இருத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.