பொது நூலகப் பணியாளர் பயிற்சியும் தொழிற்செய்தியும் (இலங்கை, மட்டக்களப்பு)

பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அதன்பின்னும் தன் தொழிலைக் கற்றுக்கொண்டிருப்பதற்கான ஏற்பாடுகளும், பரீட்சை, செயலமர்வு, புதிய விதி, புதிய நூல், பதவி வெற்றிடம் ஆகியவை பற்றிய செய்தி அவர் கைக்கு வந்துசேரும் வழிகளும் இக்கட்டுரையின் பொருள். இலங்கையில் இவை 1960க்குப் பின் கொழும்பை மையமாகக் கொண்டு உருவாயின. நாட்டின் ஓரத்து ஊர்களை அவை எப்போது, எந்த மொழியில் எட்டின என்பதைப் பார்க்க மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை எனப்படும் பகுதியிலுள்ள கரடியனாறு பொருத்தமான இடம். செங்கலடிச் சந்தியில் திரும்பிப் பதுளை வீதியில் உள்ளே போனால் வரும் விவசாயக் கிராமம் இது. ஏறாவூர்ப்பற்று பிரதேச சபையின் ஆட்சிப்பகுதிக்குள் அடங்குவது. கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கும் மேல்.

இலங்கையில் பொது நூலகம் உள்ளூராட்சி மன்றத்தின் சொத்து. நூலகர் அம்மன்றத்தின் ஊழியர். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நூலக வரியையும் தனி நிர்வாகத்தையும் தந்ததால், ஊர்ப்புற நூலகர் முதல் இயக்குநர் வரை ஒரே துறைக்குள் இருக்கிறார்கள். இலங்கையில் அப்படியான துறை கிடையாது. நூலகரின் பக்கத்து மேசையில் இருப்பவர் சந்தை வரி அறவிடுபவராகவோ குப்பை அகற்றலை மேற்பார்வை செய்பவராகவோ இருப்பார். அவருக்கு மேலே உள்ள செயலாளரும் பெரும்பாலும் நூலகத்துறை படித்தவராக இருக்கமாட்டார். பயிற்சியும் செய்தியும் இங்கே வேறு வழிகளைத் தேடவேண்டி வந்ததற்கு இந்த அமைப்பே காரணம்.

தொடக்ககாலம்

கொழும்பு பொது நூலகம் 1925இல் திறக்கப்பட்டபோதும், அதற்குப் பின் பட்டின சபைகளும் கிராம சபைகளும் வாசிகசாலைகளை அமைத்தபோதும், அவற்றை நடத்துவதற்கென்று உள்நாட்டில் பயிற்சி இருக்கவில்லை. முறையாகக் கற்க விரும்பியவர் பிரித்தானிய நூலகச் சங்கத்தின் பரீட்சைகளை எழுதினார். மற்றவர்கள் பதிவேடு எழுதவும் பத்திரிகையைத் தாங்கியில் மாட்டவும் தெரிந்தால் போதும் என்று நியமிக்கப்பட்டனர். அந்த எண்ணம் இன்னும் முழுதாக அகன்றுவிட்டதாகச் சொல்லமுடியாது.

தமிழ்ப் பகுதியில் முதல் பெரிய அசைவு யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டிலிருந்து தொடங்கிய முயற்சி, சில ஆண்டுகளில் நகர நூலகமாக வளர்ந்தது. 1950களில் அதற்குப் புதுக் கட்டடம் திட்டமிடப்பட்டபோது ஆலோசனை சொல்ல வந்தவர் சென்னையின் எஸ். ஆர். ரங்கநாதன். 1929இலேயே சென்னையில் நூலகவியல் பள்ளியைத் தொடங்கியவர் அவர். 1931இல் தன் ஐந்து விதிகளை வெளியிட்டவர். கட்டட வடிவமைப்பு நரசிம்மன் என்பவருடையது. திறப்புவிழா 1959 ஒக்டோபர் 11இல் நடந்தது. இலங்கைத் தமிழ் நூலகர்களுக்கு நூலகவியல் என்ற துறை கண்முன்னே ஒரு கட்டடமாக நின்றது அப்போதுதான்.

சங்கமும் சபையும்

இலங்கை நூலகச் சங்கம் 1960இல் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டே வகுப்புகளைத் தொடங்கியது. அந்த 1961இலேயே பேராதனையில் பட்டதாரிகளுக்கான டிப்ளோமாவும் வந்தது. பல்கலைக்கழக நூலகங்களை நோக்கியது பேராதனை வழி. பொது நூலக ஊழியருக்குத் திறந்திருந்தது சங்கத்தின் வழி. வேலை செய்துகொண்டே, வார இறுதி வகுப்புக்குப் போய், படிப்படியாகப் பரீட்சை எழுதி மேலேறும் அந்த முறை இன்றுவரை மாறவில்லை. 1974ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் சங்கத்துக்குச் சட்டத் தகுதி கொடுத்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அது பரீட்சை நடத்துகிறது. ஆனால் அதன் ஆய்விதழ் பெரும்பாலும் ஆங்கிலத்தையே நம்பியிருக்கிறது.

அரசின் பங்கு சற்றுப் பிந்தி வந்தது. கானாவில் நூலக சபையைக் கட்டியெழுப்பிய ஈவ்லின் ஈவன்ஸ் 1960களின் பிற்பகுதியில் யுனெஸ்கோவின் நிபுணராக இலங்கைக்கு வந்தார். அவருடைய ஆலோசனையை ஒட்டி, 1970ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நூலக சேவைகள் சபை உருவானது. தேசிய நூலகக் கட்டடம் திறக்கப்பட மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 1990 ஏப்ரலில்தான் அது நடந்தது. 1998ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின்படி சபை, தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை ஆயிற்று. பொது நூலகங்களுக்கான நியமங்களை வகுப்பது, பணியாளருக்குச் செயலமர்வு நடத்துவது, ஒக்டோபர் மாதத்தைத் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடச் செய்வது எல்லாம் அதன் வேலை. 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் அமைந்தது. ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுவதே அதன் முதல் நோக்கம்; ஆகவே பாடசாலை நூலகங்களுக்குக் கிடைத்த அளவு கவனம் பிரதேச சபை நூலகங்களுக்குக் கிடைக்கவில்லை.

செய்தி வரும் வழி

நிறுவனங்களின் பட்டியலைக் காட்டிலும் முக்கியமானது கடிதம் பயணிக்கும் பாதை. 1987இன் பிரதேச சபைகள் சட்டம் (15ஆம் இலக்கம்) பழைய கிராம, பட்டின சபைகளின் இடத்தில் பிரதேச சபைகளை வைத்தது. அதே ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் உள்ளூராட்சியின் மேற்பார்வையை மாகாணங்களிடம் ஒப்படைத்தது. அதன்பின் கொழும்பில் தட்டச்சான ஒரு செயலமர்வு அறிவித்தல் மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கும், அவரிடமிருந்து மாவட்ட உதவி ஆணையாளருக்கும், பிறகு பிரதேச சபைச் செயலாளருக்கும் போய், கடைசியாகத்தான் நூலகத்துக்கு வரும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு முகப்புக் கடிதம், ஒரு கோவை இலக்கம், ஒரு திகதி முத்திரை. விண்ணப்பத்தின் முடிவுத் திகதியோ முதல் மேசையிலேயே குறிக்கப்பட்டுவிட்டது. பாதை நீள நீள அது கிட்ட வந்துவிடும்.

கடிதம் நேரத்துக்கு வந்தாலும் அடுத்த தடை காத்திருக்கும். ஒருவர் மட்டுமே பணிபுரியும் நூலகத்தில் அவர் மூன்று நாள் வதிவிடப் பயிற்சிக்குப் போனால் நூலகம் மூன்று நாள் பூட்டப்படும். பூட்டுவதற்குச் செயலாளரின் அனுமதி வேண்டும். பதிலாள் கேட்டால் மற்றக் கிளை நூலகத்திலிருந்து எடுக்கவேண்டும். பிரயாணப்படி பின்னர்தான் வரும். பெண் ஊழியருக்கு இரவுத் தங்கல், வீட்டுப் பொறுப்பு, கடைசி பஸ் என்று கணக்கு இன்னும் நீளும். பயிற்சிக்கு ஆட்கள் வருவதில்லை என்று மேலிடம் குறைப்படும்போது இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பதே இவ்வரலாற்றில் மிகவும் குறைவாக எழுதப்பட்ட பகுதி.

இதோடு அரச பணியின் பொதுக் கடமைகளும் உண்டு. வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் நின்றுவிடும். 2007 ஜூலை 1க்குப் பின் பணியில் சேர்ந்தவர்கள் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்டவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. இதனால் படுவான்கரை இளைஞர் ஒருவருக்கு நூல் பட்டியலாக்கம் கற்பதற்கு முன்பே சிங்கள வகுப்பு அவசரமாகிவிடுகிறது.

தமிழில் தொழில்

தமிழில் நூலகத் தொழிலைக் கற்பிக்கும் எழுத்து பெரும்பாலும் நிறுவனங்களுக்கு வெளியே, தனிமனிதர் முயற்சியால் வளர்ந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1985இல், நூலகர் என். செல்வராஜா 'நூலகவியல்' என்ற இதழைத் தொடங்கினார். தமிழ் நூலக ஊழியர் தம் தொழிலைப் பற்றித் தம் மொழியில் வாசிக்க ஓர் ஏடு கிடைத்தது அப்படித்தான். கிராம நூலகப் பணியாளரை மனத்தில் வைத்துக் கைநூல்களும் எழுதினார். புலம்பெயர்ந்தபின் அவர் தொடங்கிய 'நூல்தேட்டம்' நூற்பட்டியலின் முதல் தொகுதி 2002இல் வந்தது. தொகுதிக்கு ஆயிரம் நூல்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ஸ்ரீகாந்தலட்சுமி அருளானந்தம் பகுப்பாக்கம், கலைச்சொற்கள், தகவல் சேவை பற்றித் தமிழில் எழுதிய நூல்கள் டிப்ளோமா மாணவருக்கு இன்றும் கைகொடுக்கின்றன.

மட்டக்களப்புக்கும் இதில் பங்குண்டு. 1962இல் 'மட்டக்களப்பு மான்மியம்' நூலைப் பதிப்பித்த எஃப். எக்ஸ். சி. நடராசா, ஈழத்துத் தமிழ் நூல்களின் வரலாற்றையும் தொகுத்தார். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. உள்ளூர்ச் சேகரிப்பு என்று பயிற்சி வகுப்பில் சொல்லப்படுவது மட்டக்களப்பு நூலகர் ஒருவருக்கு இந்த இரண்டு நூல்களிலிருந்து தொடங்கும்: கண்ணகி வழிபாடு, வடமோடி தென்மோடிக் கூத்து, குடிமுறை, வயல்வெளிச் சொற்கள்.

பகுப்பாக்கம் பற்றி ஒரு வார்த்தை. தூயி தசமப் பகுப்பில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதல் பத்து இலக்கங்கள் உள்ளன. தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற ஒரே மூலைக்குள் அடைபட்டிருக்கிறது. தமிழ்ப் புனைகதை மட்டும் தட்டுத் தட்டாக உள்ள கிராம நூலகத்தில் எல்லா முதுகிலும் ஒரே எண் ஒட்டியிருந்தால் வாசகருக்கு என்ன பயன்? ஆசிரியர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வேறுபடுத்தினால், அடுத்ததாகப் பெயர்ச் சிக்கல் வரும். முதலெழுத்து ஊருக்கா தகப்பனுக்கா, எந்தப் பெயரின் கீழ் பதிவது என்ற குழப்பத்தில் ஒரே ஆசிரியர் மூன்று நூலகங்களில் மூன்று இடங்களில் நிற்பார். இப்படியானவற்றுக்கு வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் விடை இல்லை. நூலகர்கள் ஒரே அறையில் கூடும்போதுதான் தீர்வு பிறக்கிறது. செயலமர்வின் உண்மையான பெறுமதி விரிவுரையைவிடத் தேநீர் இடைவேளையில் இருக்கிறது என்று பலர் சொல்வது வெறும் வேடிக்கை அல்ல.

போரும் அதற்குப் பின்னும்

போர்க்காலத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி நீண்டகாலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. செங்கலடிக்கு அப்பால் கறுத்தப்பாலத்துச் சோதனைச்சாவடியைக் கடந்துதான் கரடியனாற்றுக்குப் போய்வர முடிந்தது. நூல்களும் பத்திரிகைகளும் ஆட்களும் அதே வழியில் சோதனைக்கு உட்படவேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையின் கடலோர நூலகங்களைச் சிதைத்தது. 2007இல் நடந்த இராணுவ நடவடிக்கையின்போது மார்ச் மாதத்தில் படுவான்கரை மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். ஜூலையில் புலிகளின் பிடியிலிருந்த குடும்பிமலை வீழ்ந்தது. மீள்குடியேற்றத்தின்போது வீடும் கிணறும் பாடசாலையும் முதலில் வந்தன. நூலகம் பட்டியலின் அடியில் நின்றதில் வியப்பில்லை. பதுளை வீதி புனரமைக்கப்பட்ட பின்தான் மட்டக்களப்பு நகரில் நடக்கும் ஒருநாள் பயிற்சிக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவது எளிதாயிற்று.

கணினிக் காலம்

2005இல் இரண்டு காரியங்கள் தொடங்கின. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இலக்கமுறையில் திரட்டும் 'நூலகம்' திட்டம் ஒன்று. அச்சில் கிடைக்காத பல தொழில் ஏடுகளை, 'நூலகவியல்' உட்பட, இன்று வாசிக்க முடிவது அதனால்தான். மற்றது அரசின் 'நெனசல' அறிவகத் திட்டம். அதன் நூலகப் பிரிவுக்கு 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் பரிசு கிடைத்தது. கணினி வந்த நூலகங்களில் பயிற்சியின் பாடமும் மாறியது: முதலில் யுனெஸ்கோவின் வின்ஐசிஸ், பிறகு நியூசிலாந்தில் பிறந்த திறந்த மூல மென்பொருளான கோஹா. இயந்திரம் கொடுக்கப்படுகிற வேகத்தில் பழுதுபார்ப்பவர் கொடுக்கப்படுவதில்லை என்பது எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும் உண்மை.

2020இன் ஊரடங்கு செயலமர்வுகளைச் சூம் திரைக்குள் தள்ளியது. தூர இடத்து ஊழியருக்கு அது ஒருவகையில் வாய்ப்பு. பஸ்ஸும் தங்குமிடமும் தேவைப்படவில்லை. டேட்டாவுக்கான பணத்தை மட்டும் தன் பையிலிருந்து போட்டார். வாட்ஸ்அப் குழுக்கள் சுற்றறிக்கையை முந்தின. கையொப்பமிட்ட கடிதம் மேசை மேசையாக வரும் முன்பே அதன் படம் தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. ஆயினும் படத்தைக் காட்டி லீவு கேட்கமுடியாது.

நூலகரின் தொடர்கல்வி இன்றியமையாதது என்று யுனெஸ்கோவின் 1994ஆம் ஆண்டுப் பொது நூலகப் பிரகடனம் சொல்லிவிட்டது. சர்வதேச நூலகச் சம்மேளனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி அந்தப் பொறுப்பை ஊழியருக்கும் வேலைகொடுப்பவருக்கும் பங்கிடுகிறது. இலங்கையில் வேலைகொடுப்பவர் பிரதேச சபை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்து 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை, தவிசாளரோ உறுப்பினரோ இல்லாமல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். பொருளாதார நெருக்கடியில் காகித விலையும் நூல் விலையும் ஏறியிருந்த காலமும் அதுவே. புத்தகக் கொள்வனவு, பயிற்சிக்கான விடுப்பு, பிரயாணப்படி ஆகியவற்றுக்கான முடிவுகள் இப்போது மறுபடியும் தெரிவுசெய்யப்பட்ட சபையின் அமர்வுக்குப் போகின்றன.