நரம்பு விஞ்ஞானப் பட்டப்படிப்பு: ஒரு பாடவிதானத்தின் வரலாறு

நரம்பு விஞ்ஞானத்திற் பட்டம் பெற விரும்பி ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றிற் சேரும் மாணவர் முதலில் எதிர்கொள்வது மூளையை அன்று. இரசாயனம், பௌதிகம், நுண்கணிதம், உயிரியல், உளவியல் எனப் பிற துறைகளின் பாடங்களே முதலிரண்டு ஆண்டுகளைப் பெரும்பாலும் நிரப்பிவிடுகின்றன. மனித மனத்தை அறிய வந்தவர், சாய்தளத்தில் உருளும் கோளத்தின் கணக்கு தமக்கு எதற்கு என வினவுவது இயல்பே. இப்பாடங்கள் அலுவலகமொன்று வகுத்த விதிகள் போலத் தோன்றினும், அவை ஒவ்வொன்றும் மூளை ஆராய்ச்சி கடந்துவந்த ஒரு கட்டத்தின் எச்சமாகும்.

அவற்றுள் முந்தியது நுணுக்குக்காட்டியின் காலம். 1873 இல் இத்தாலியரான கமிலோ கொல்ஜி, வெள்ளி உப்பினால் நரம்புக் கலங்களைக் கருநிறமாக்கிக் காணும் முறையை வெளியிட்டார். அதனைத் திருத்திக் கையாண்ட ஸ்பானியரான சாந்தியாகோ ரமோன் ஈ கஹால், நரம்புத் தொகுதி தொடர்ச்சியான வலையன்று, தனித்தனிக் கலங்களால் ஆயதே என்றார். 1906 இல் இருவரும் நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும், கொல்ஜி தமது பரிசுரையிலேயே மற்றவரின் கொள்கையை மறுத்துப் பேசினார். பூசல் எவ்வாறாயினும், உயிரியல் இக்கல்வியின் அடித்தளமாயிற்று.

இரசாயனம் நுழைந்த வாயில் வேறு. 1921 இல் ஒட்டோ லோவி, தவளையொன்றின் இதயத்துக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றொரு தவளையின் இதயத்திற் சேர்த்தபோது, நரம்புத் தூண்டல் ஏதுமின்றியே அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பின் செய்தியை இரசாயனப் பொருளொன்று காவிச் செல்வது இவ்வாறு புலனாயிற்று.

பௌதிகமும் கணிதமும் வந்து சேர்ந்த கதை, பாடத்தெரிவு பற்றிய நமது பொருளுக்கு மிக நெருங்கியது. 1935 இல் கேம்பிரிட்ஜிலுள்ள திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்த அன்ட்ரூ ஹக்ஸ்லி, பௌதிகவியலாளராக வரவே எண்ணியிருந்தார். விதிப்படி மேலும் ஒரு விஞ்ஞானப் பாடத்தை எடுக்கவேண்டியிருந்தமையால், முன்னர் பயின்றிராத உடற்றொழிலியலைத் தெரிந்தார். கட்டாயத்தின் பேரில் எடுத்த அப்பாடமே அவரது வாழ்வை மாற்றியது. கணவாயின் பருத்த நரம்பிழையுள் மின்முனையைச் செலுத்தி, அலன் ஹொட்ஜ்கினோடு சேர்ந்து அவர் 1939 இல் ஆய்வைத் தொடங்கினார். போர் குறுக்கிட்டது. 1952 இலேயே சோடியம், பொற்றாசியம் அயன்களின் அசைவைக் கொண்டு நரம்புக் கணத்தாக்கத்தை விளக்கும் சமன்பாடுகள் வெளியாயின. பல்கலைக்கழகத்தின் கணினி அவ்வேளை இயங்காமையால், ஹக்ஸ்லி அச்சமன்பாடுகளைக் கையாற் சுழற்றும் கணிப்பொறியிலேயே தீர்த்தார். வகையீட்டுச் சமன்பாடு அறியாத ஒருவர் அவ்வாய்வுரையை இன்றும் முழுமையாகப் படித்துவிட இயலாது.

உளவியலுக்கு இடமளித்தது ஒரு நோயாளியின் துயரம். வலிப்பு நோயைத் தணிக்கும் பொருட்டு 1953 இல் சத்திரசிகிச்சைக்குட்பட்டு, மூளையின் இருபுறத்தும் உட்பகுதிகள் சிலவற்றை இழந்த 'எச். எம்.' என்பார், அதன்பின் புதிய நிகழ்ச்சியெதனையும் நினைவில் நிறுத்த இயலாதவரானார். வில்லியம் ஸ்கொவில், பிரெண்டா மில்னர் ஆகியோர் 1957 இல் இதனை வெளியிட்டனர். மில்னர் உளவியலாளர். கத்தியும் நுணுக்குக்காட்டியும் காட்டாத ஒன்றை அவரது எளிய சோதனைகள் காட்டின.

இவ்வறிவு முழுவதும் வெவ்வேறு துறைகளிற் சிதறிக் கிடந்தது. 1966 இல் ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் ஸ்டீபன் கஃப்லரின் தலைமையில் நரம்புயிரியலுக்கெனத் தனித்துறை அமைந்தது. 1969 இல் நரம்பு விஞ்ஞானச் சங்கம் தோன்றியது. இவையெல்லாம் ஆராய்ச்சியாளருக்குரியவை. முதற் பட்டத்துக்கான கல்வியிலோ, மசசூசெற்ஸ் மாநிலத்து ஆம்ஹேர்ஸ்ட் கல்லூரி 1973 இல் தொடங்கிய நெறி மிகப் பழையவற்றுள் ஒன்று.

எதனைக் கற்பிப்பது என்ற வினா அத்தோடு தீர்ந்துவிடவில்லை. 1991 இல் முதற்பட்ட நரம்பு விஞ்ஞான ஆசிரியர்கள் தமக்கென ஓர் அமைப்பை நிறுவினர். 1995 இல் டேவிட்சன் கல்லூரியிற் கூடிய பட்டறை, ஒரேயொரு பாடவிதானத்தை விதிக்காது நான்கு மாதிரிகளை முன்வைத்தது. உளவியற்றுறையினுள்ளோ உயிரியற்றுறையினுள்ளோ ஒரு பகுதியாகக் கற்பித்தல், துணைப்பாடமாக்குதல், தனிப்பட்டமாக்குதல் என்பன அவை. 2005 இல் மக்கலெஸ்டர் கல்லூரியிற் கூடியோர் ஐந்தாவதொன்றைச் சேர்த்தனர்; பிற துறைகளோடும் உறவுகொள்ளும் விரிந்த நெறி அது. மூளையைக் கற்கும் உரிமை விஞ்ஞானபீடத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை அது ஒப்புக்கொண்டது எனலாம். கலைப்பீடத்தார் இதனை ஊன்றி நோக்குதல் தகும்.

ஆயினும் நான்கு ஆண்டுகள் நான்கு ஆண்டுகளே. எல்லா அடிப்படைகளையும் ஆழமாகக் கற்பின் மூளைக்கு ஒதுக்கக் காலம் எஞ்சாது. அவற்றைச் சுருக்கின், கற்றவர் எத்துறையிலும் கால் ஊன்றாதவராவர். பெரும் பிணக்கு கணிதத்தைப் பற்றியதே. சில நிறுவனங்கள் நுண்கணிதத்தைக் கட்டாயமாக்குகின்றன; வேறு சில புள்ளிவிபரவியலோடு நின்றுவிடுகின்றன. பின்னைய வழியிற் சென்றவர்களுள் மூளையைக் கணிப்பியல் மாதிரிகளால் ஆராய விழைவோர், இறுதியாண்டில் மீண்டும் முதலாண்டுக் கணித வகுப்பிற்குச் சென்று அமரவேண்டியவராகின்றனர்.